அமெரிக்க வாக்காளர் எதைப் பார்த்து ஓட்டுப் போடுகிறார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கத் தேர்தல் நெருங்கினால் போதும், குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து அலுவலக டீ நேரம் வரை அதே சந்தேகங்கள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் தட்டி அலுத்துவிட்டதால் இங்கே தொகுத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். யார் ஜெயிக்க வேண்டும் என்ற வாதம் இதில் இல்லை. எண்பது வருடமாக வாக்காளர்களைத் துருவித் துருவிப் பார்த்த ஆய்வாளர்கள் என்ன கண்டார்கள் என்பது மட்டும்தான்.

அதிக ஓட்டு வாங்கினவர்தானே ஜெயிக்கணும்? அங்கே மட்டும் எப்படித் தோத்துப்போறார்?

அதிபரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. மாகாணத்துக்கு இத்தனை என்று மொத்தம் 538 தேர்வாளர் ஓட்டுகள். 270 கிடைத்தால் வெற்றி. மெயின், நெப்ராஸ்கா இரண்டையும் தவிர மற்ற மாகாணங்களில் ஒரு ஓட்டு முன்னால் இருந்தாலும் அந்த மாகாணத்தின் அத்தனை தேர்வாளர்களும் அவருக்கே. கலிஃபோர்னியாவில் ஐம்பது லட்சம் ஓட்டு கூடுதலாக வாங்கினாலும் ஐம்பது ஓட்டு கூடுதலாக வாங்கினாலும் பலன் ஒன்றுதான்.

2016-ல் ஹிலாரி கிளிண்டன் நாடு முழுக்க டிரம்பைவிட 28 லட்சத்துக்கும் மேல் ஓட்டு அதிகம் வாங்கித் தோற்றார். அந்தத் தோல்வியைத் தீர்மானித்த மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா மூன்றிலும் சேர்த்து வித்தியாசம் 80 ஆயிரத்துக்குள். 2000-ல் அல் கோருக்கும் இதே கதி. 2024-ல் டிரம்புக்கு இரண்டு கணக்குமே சாதகமாக வந்தது, ஆனால் மொத்த ஓட்டில் முன்னிலை ஒன்றரை சதவீதப் புள்ளிதான். இந்தச் சிறிய எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே பல பதில்கள் இதில்தான் வந்து நிற்கும்.

கிரீன் கார்டு இருந்தா ஓட்டுப் போடலாமா?

முடியாது. அதிபர், காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) தேர்தல்களில் குடிமக்கள் மட்டுமே வாக்களிக்கலாம், 18 வயது முடிந்திருக்க வேண்டும். வடக்கு டகோட்டாவைத் தவிர எல்லா மாகாணங்களிலும் பெயரைப் பதிந்திருக்கவும் வேண்டும்.

பாதிப் பேர் ஓட்டே போடறதில்லையாமே?

எந்தத் தேர்தல் என்பதைப் பொறுத்தது. 2020 அதிபர் தேர்தலில் தகுதியுள்ளவர்களில் சுமார் 66 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். 1900-க்குப் பிறகு அதுதான் உச்சம். அதிபர் பதவிக்காலத்தின் நடுவில் வரும் இடைக்காலத் தேர்தல் என்றால் கூட்டம் கரைந்துவிடும். 2014-ல் 37 சதவீதம்கூட எட்டவில்லை. 2018-ல் 50-ஐத் தொட்டது.

இதில் ஒரு கணக்குச் சிக்கல் உண்டு. '1972-க்குப் பிறகு அமெரிக்கர்கள் ஓட்டுப் போடுவதையே விட்டுவிட்டார்கள்' என்று ரொம்ப காலம் எழுதிக்கொண்டிருந்தார்கள். மைக்கேல் மெக்டொனால்டும் சாமுவேல் பாப்கினும் 2001-ல் கணக்கைப் பிரித்துப் பார்த்தார்கள். வயது வந்த எல்லோரையும் வகுக்கும் எண்ணில் சேர்த்திருந்தார்கள். குடியேறி வந்து இன்னும் குடியுரிமை பெறாதவர்களும், தண்டனையால் வாக்குரிமை இழந்தவர்களும் அந்த எண்ணில் பெருகிக்கொண்டே போனதால் சதவீதம் சரிவதுபோலத் தெரிந்தது. அவர்களை நீக்கியதும் அந்தச் சரிவு காணாமல் போயிற்று.

சரி, ஓட்டுப் போடறவங்க எதைப் பார்த்துப் போடறாங்க? கொள்கையா, ஆளா?

முதலில் கட்சி. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

1940-ல் பால் லாசர்ஸ்ஃபெல்ட் குழு ஒஹாயோவின் ஈரி கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) 600 பேரைத் தேர்ந்தெடுத்து, மே முதல் நவம்பர் வரை மாதாமாதம் பேட்டி கண்டது. பிரசாரமும் வானொலியும் மனசை எப்படி மாற்றுகின்றன என்று பார்ப்பதுதான் திட்டம். மாறினவர்கள் சொற்பம். பெரும்பாலோர் மே மாதமே முடிவு செய்திருந்தார்கள். பிரசாரம் அதை உறுதிப்படுத்தியது, அவ்வளவே. மாறியவர்களை மாற்றியதும் வானொலியைவிடக் கூடப் பழகும் மனிதர்கள்தான்.

பிறகு மிச்சிகன் பல்கலைக்கழகம் 1948-ல் தொடங்கிய தேசியத் தேர்தல் ஆய்வுகள் வந்தன, இன்றுவரை தொடர்கின்றன. அந்தத் தரவை வைத்து 1960-ல் அங்குள்ள நான்கு ஆய்வாளர்கள் சொன்னது இன்னும் அசையவில்லை: 'நான் டெமாக்ரட்' (ஜனநாயகக் கட்சி), 'நான் ரிபப்ளிகன்' (குடியரசுக் கட்சி) என்பது மதம் மாதிரி வீட்டிலிருந்து வரும் அடையாளம். கொள்கையை எடைபோட்டுக் கட்சியைத் தேர்வதைவிட, கட்சியைப் பார்த்துக் கொள்கையை ஏற்பதே அதிகம் நடக்கிறது.

வீட்டிலிருந்து வருதுன்னா தெற்கு மாகாணங்கள் எப்படி மொத்தமா கட்சி மாறிச்சு?

நல்ல கேள்வி. ஒரு காலத்தில் தெற்கில் ரிபப்ளிகன் கட்சிக்கு ஆளே கிடைக்காது. அடிமை முறையை ஒழித்த லிங்கனின் கட்சி என்ற கோபம் நூறு வருடம் இருந்தது. 1964-ல் ஜனநாயகக் கட்சி அதிபர் லிண்டன் ஜான்சன் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் குடிமை உரிமைகள் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதே வருடத் தேர்தலில் அந்தச் சட்டத்தை எதிர்த்து ஓட்டுப் போட்டிருந்த ரிபப்ளிகன் வேட்பாளர் பேரி கோல்ட்வாட்டர் நாடு முழுக்க மண்ணைக் கவ்வினார், ஆனால் ஆழ்தெற்கின் ஐந்து மாகாணங்களை வென்றார்.

இருந்தும் ஒரே நாளில் யாரும் மாறவில்லை. அதிபர் தேர்தலில் ரிபப்ளிகனுக்கும் உள்ளூரில் பழைய கட்சிக்கும் போட்டவர்கள் பல்லாண்டு இருந்தார்கள். தெற்கின் பிரதிநிதிகள் சபை (காங்கிரஸின் கீழவை) இடங்களில் பெரும்பான்மை ரிபப்ளிகன் கைக்குப் போனது 1994 தேர்தலில்தான். முப்பது வருடம்! பழைய தலைமுறை போய்ப் புதிய தலைமுறை வந்ததும் அதில் பாதிக் கதை. இப்போது அதே மாதிரி ஒரு மாற்றம் படிப்பைச் சுற்றி நடக்கிறது. 1950-களில் பட்டதாரிகள் ரிபப்ளிகன் பக்கம் சாய்ந்தார்கள். இன்று ஜனநாயகக் கட்சிப் பக்கம். பட்டம் இல்லாத வெள்ளையர்கள் எதிர்த்திசையில் போயிருக்கிறார்கள்.

லிபரல், கன்சர்வேட்டிவ்னு டிவியில பேசறாங்களே, சாதாரண ஆளுக்கு அது புரியுமா?

ஃபிலிப் கான்வர்ஸ் 1964-ல் வெளியிட்ட கட்டுரை இந்தத் துறையையே உலுக்கியது. 1956-ல் எடுத்த பேட்டிகளில் கட்சிகளை மக்கள் எப்படி விவரித்தார்கள் என்று பார்த்தார். இடது (லிபரல்), வலது (கன்சர்வேட்டிவ்) என்ற சித்தாந்தக் கண்ணோட்டத்தை உண்மையாகவே பயன்படுத்தினவர்கள் சுமார் 2.5 சதவீதம். பெரிய கூட்டம் 'இது ஏழைகளுக்கான கட்சி', 'அது பெரிய வியாபாரிகளுக்கான கட்சி' என்று பேசியது. இன்னொரு கூட்டம் 'இவங்க ஆட்சியில வேலை கிடைச்சது' என்று காலத்தை வைத்துப் பேசியது. அதே ஆட்களிடம் இரண்டு வருடம் விட்டு அதே கேள்வியைக் கேட்டபோது பலரின் பதில் காசு சுண்டியதுபோல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விழுந்தது. கட்சி அடையாளம் மட்டும் அப்படியே இருந்தது.

கான்வர்ஸ் கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டார் என்று பின்னால் வந்தவர்கள் வாதிட்டார்கள். பல கேள்விகளைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் மக்களின் கருத்து அவ்வளவு ஆட்டம் காணவில்லை. அது நியாயமான திருத்தம்தான். ஆனால் வாக்காளர் மனத்தில் கொள்கைகள் ஒரே கட்டாக இல்லை என்பது இன்றும் கண்ணெதிரே தெரிகிறது. 2020-ல் ஃபுளோரிடா டிரம்பை வெல்ல வைத்தது. அதே ஓட்டுச்சீட்டில் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 15 டாலராக்கும் யோசனைக்கு 60 சதவீதத்துக்கு மேல் ஆதரவு. 2024-ல் மிசௌரி டிரம்புக்கும் போட்டது, கருக்கலைப்பு உரிமைக்கும் போட்டது.

தெரியாத விஷயம்னா 'தெரியாது'ன்னு சொல்லிடுவாங்க இல்ல?

எனக்கு ரொம்பப் பிடித்த ஆய்வு இதற்கான பதில்தான். சின்சினாட்டி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1970-களின் கடைசியில் '1975-ம் ஆண்டின் பொது விவகாரச் சட்டத்தை ரத்து செய்யலாமா?' என்று கேட்டார்கள். அப்படி ஒரு சட்டமே கிடையாது. பேட்டி கொடுத்தவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் ரத்து செய்யலாம் அல்லது கூடாது என்று கருத்துச் சொன்னார்கள். 1995-ல் வாஷிங்டன் போஸ்ட் இன்னொரு படி போய், பாதிப் பேரிடம் 'அதிபர் (பில்) கிளிண்டன் ரத்து செய்யச் சொல்கிறார்' என்றும் மீதிப் பேரிடம் 'ரிபப்ளிகன் காங்கிரஸ் ரத்து செய்யச் சொல்கிறது' என்றும் கேட்டது. இல்லாத சட்டத்துக்கும் ஆட்கள் கட்சி வாரியாகப் பிரிந்து நின்றார்கள்.

இருக்கிற விஷயத்திலும் கேள்வியின் வார்த்தை விளையாடும். 'ஏழைகளுக்கு உதவ' அரசு செலவழிப்பது போதவில்லை என்று சொல்பவர்கள் அமெரிக்காவில் பெரும்பான்மை. அதையே 'வெல்ஃபேர்' (அரசு நல உதவி) என்று கேட்டால் ஆதரவு பாதாளத்துக்குப் போய்விடும். இது ஒரு தடவை வந்த முடிவல்ல, பல்லாண்டாக அதே தேசியக் கணிப்பில் திரும்பத் திரும்ப வருவது.

அப்போ கருத்துக்கணிப்பே ஏமாத்து வேலையா? 2016-ல கோட்டை விட்டாங்களே?

ஏமாற்று வேலை இல்லை; யாரைக் கேட்கிறார்கள் என்பதில்தான் சூட்சுமம். 1936-ல் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை சுமார் ஒரு கோடி பேருக்குச் சீட்டு அனுப்பியது, இருபது லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. ரிபப்ளிகன் வேட்பாளர் லாண்டன் ஜெயிப்பார் என்று அறிவித்தது. ரூஸ்வெல்ட் 48 மாகாணங்களில் 46-ஐ அள்ளினார். தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்களின் பட்டியலிலிருந்து ஆள் பிடித்தது ஒரு பிழை. கோபமாக இருந்தவர்களே அதிகம் பதில் போட்டது இன்னொன்று. மிகச் சிறிய மாதிரியை வைத்துக்கொண்டு ஜார்ஜ் காலப் சரியாகச் சொன்னார்.

2016-ல் நாடு தழுவிய கணிப்புகள் அப்படியொன்றும் தப்பவில்லை. மாகாணக் கணிப்புகள்தான் சறுக்கின. பட்டதாரிகள் கணிப்புக்காரர்களிடம் அதிகம் பேசுவார்கள். பல நிறுவனங்கள் அதைச் சரிக்கட்டவில்லை. வேடிக்கை என்னவென்றால், 2020-ல் பிழை அதைவிடப் பெரிது, நாற்பது வருடத்தில் இல்லாத அளவு. பைடன் ஜெயித்துவிட்டதால் யாரும் சத்தம் போடவில்லை. முதல் கேள்வியில் சொன்ன எண்களைப் பாருங்கள். முடிவு ஒரு புள்ளியில் தொங்கும்போது மூன்று நான்கு புள்ளி பிழை வரும் கருவியால் அதை எப்படிச் சொல்ல முடியும்?

நாற்பது சதவீதம் பேர் 'எந்தக் கட்சியும் இல்லை'ன்னு சொல்றாங்களே, அவங்கதானே தீர்மானிக்கிறாங்க?

சொல்வது உண்மை, நடப்பது வேறு. 'சுயேச்சை' என்று சொன்னவரிடம் 'எந்தப் பக்கம் கொஞ்சம் சாய்வு?' என்று அடுத்த கேள்வி போட்டால் பெரும்பாலோர் ஒரு கட்சியைச் சொல்லிவிடுவார்கள். அவர்கள் கிட்டத்தட்ட கட்சிக்காரர்கள் மாதிரியே ஓட்டுப் போடுகிறார்கள். 1992-லேயே இதை விரிவாகக் காட்டிவிட்டார்கள். எந்தச் சாய்வும் இல்லாதவர்கள் பத்தில் ஒருவர் அளவுதான், அவர்களில் பலர் வாக்குச்சாவடிப் பக்கமே போவதில்லை. கட்சிப் பெயரைச் சொல்லக் கூச்சம், அவ்வளவுதான் என்பது என் அபிப்பிராயம்.

ஒரே நாட்டுல இருந்துட்டு பொருளாதாரம் பிரமாதம்னு பாதிப் பேர், நாசமாப் போச்சுன்னு பாதிப் பேர். அது எப்படி?

கட்சிக் கண்ணாடி. அமெரிக்கப் பணவீக்கம் 1980-ல் 13.5 சதவீதம், ரிபப்ளிகன் அதிபர் ரீகனின் எட்டு வருட முடிவில் 4.1 சதவீதம். 1988 ஆய்வில் தீவிர ஜனநாயகக் கட்சிக்காரர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அது மோசமாகிவிட்டது என்றார்கள். லாரி பார்டெல்ஸ் இதை எடுத்துக் காட்டினார். மறுபக்கமும் சளைத்ததல்ல. 2016 தேர்தல் முடிந்த சில வாரங்களில், டிரம்ப் பதவியேற்பதற்கு முன்பே, ரிபப்ளிகன்களின் பொருளாதார மதிப்பீடு ஜிவ்வென்று ஏறியது.

ஆனால் அவர்கள் உண்மையிலேயே அப்படி நம்புகிறார்களா, கட்சிக்குக் கொடி பிடிக்கிறார்களா? சரியான பதிலுக்குச் சிறு தொகை தருவதாகச் சொன்ன சோதனைகளில் இரு தரப்புக்கும் இடையிலான இடைவெளி ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. 2017-ல் இன்னொரு சோதனை: ஒபாமாவின் 2009 பதவியேற்புக் கூட்டம், டிரம்பின் கூட்டம் இரண்டின் படங்களையும் பக்கத்தில் வைத்து எதில் ஆள் அதிகம் என்று கேட்டார்கள். ஒன்றில் புல்வெளி காலியாகத் தெரிகிறது. டிரம்புக்கு ஓட்டுப் போட்டவர்களில் 15 சதவீதம் பேர் அந்தக் காலிப் படத்தைத்தான் காட்டினார்கள். கண் தெரியாமல் அல்ல.

கட்சி மாறிக் கல்யாணம் பண்ணினா வீட்ல ரகளையாமே?

பிள்ளை எதிர்க்கட்சிக்காரரைக் கட்டினால் வருத்தமா என்று 1960-ல் கேட்டபோது ஆமாம் என்றவர்கள் இரு கட்சியிலும் ஐந்து சதவீதம் அளவே. 2010-ல் ரிபப்ளிகன்களில் கிட்டத்தட்ட பாதி, டெமாக்ரட்டுகளில் மூன்றில் ஒருவர். ஷாந்தோ அய்யங்காரும் சகாக்களும் எழுதிய கட்டுரையால் இந்த ஒப்பீடு பிரபலமானது.

இதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பின்னால் வந்த ஓர் ஆய்வு, வரும் மருமகன் அல்லது மருமகள் அடிக்கடி அரசியல் பேசுபவரா இல்லையா என்பதையும் கேள்வியில் சேர்த்தது. பலருக்குப் பிரச்சினை எதிர்க்கட்சி அல்ல. சாப்பாட்டு மேஜையில் அரசியல் பேசுபவர், அது சொந்தக் கட்சியானாலும் சரி. எதிராளியைப் பற்றிய கற்பனையும் வெறுப்பை வளர்க்கிறது. ரிபப்ளிகன்களில் 38 சதவீதம் பேர் வருடத்துக்கு இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிப்பதாக அமெரிக்கர்கள் சராசரியாக நினைத்தார்கள். நிஜம் சுமார் 2 சதவீதம்.

விளம்பரத்துக்குக் கோடி கோடியா கொட்டறாங்களே, பலன் உண்டா?

உண்டு, ஆனால் சீக்கிரம் ஆவியாகிவிடும். 2006-ல் டெக்சாஸ் ஆளுநர் ரிக் பெர்ரியின் பிரசாரக் குழு, எந்த ஊரில் எந்த வாரம் டிவி விளம்பரம் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்ய ஆய்வாளர்களை அனுமதித்தது. விளம்பரம் ஓடிய வாரம் ஆதரவு நன்றாகவே ஏறியது. ஒன்றிரண்டு வாரத்தில் சுவடே இல்லை. பொதுத்தேர்தல் பிரசாரத்தில் மனமாற்றத்தை அளந்த 49 களச் சோதனைகளை 2018-ல் கல்லாவும் புரூக்மனும் சேர்த்துப் பார்த்தார்கள். சராசரி விளைவு பூஜ்யத்துக்குப் பக்கம். 2020-ல் கோடீஸ்வரர் மைக்கேல் புளூம்பெர்க் கைக்காசு நூறு கோடி டாலர் அளவுக்குச் செலவழித்து ஜனநாயகக் கட்சியின் உட்கட்சிப் போட்டியில் வென்றது அமெரிக்கன் சமோவா என்ற சிறு தீவுப் பகுதி ஒன்றைத்தான்.

வீடு வீடா போய்க் கேக்கறது?

எதிராளியைத் திருப்ப உதவாது. நம் ஆளை எழுப்பி வாக்குச்சாவடிக்கு அனுப்ப உதவும். 1998-ல் கெர்பரும் கிரீனும் நியூ ஹேவன் நகரில் சுமார் 30 ஆயிரம் வாக்காளர்களை வைத்துச் சோதித்தார்கள். நேரில் போனால் வாக்குப்பதிவு கணிசமாகக் கூடியது. காசு கொடுத்து ஆள் வைத்துத் தொலைபேசியில் கூப்பிட்டதில் ஒன்றும் நடக்கவில்லை.

இதைவிட விசித்திரமானது 2006 ஆகஸ்டில் மிச்சிகனில் நடந்த சோதனை. யாருக்கு ஓட்டு என்பது ரகசியம்; போட்டாரா இல்லையா என்பது அங்கே பொது ஆவணம். ஆய்வாளர்கள் சில வீடுகளுக்கு ஒரு கடிதம் அனுப்பினார்கள். அதில் ஓர் அட்டவணை: உங்கள் பெயர், உங்கள் வீட்டாரின் பெயர், பக்கத்து வீட்டாரின் பெயர்கள், எதிரே 2004-ல் நடந்த இரண்டு தேர்தல்களில் போட்டாரா இல்லையா என்ற குறிப்பு. வரப்போகும் தேர்தலுக்கான கட்டம் காலி. தேர்தல் முடிந்ததும் புதுப்பித்த பட்டியல் உங்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் வரும் என்று கீழே ஒரு வரி. கடிதமே வராத வீடுகளில் வாக்குப்பதிவு 29.7 சதவீதம். இது வந்த வீடுகளில் 37.8. 'வாக்களிப்பது கடமை' என்று மட்டும் சொன்ன கடிதத்துக்குக் கிடைத்தது 31.5. ஊர் என்ன சொல்லுமோ என்ற பயம் கடமையைவிடக் காத தூரம் முன்னால் நிற்கிறது.

சுறா கடிச்சதால அதிபருக்கு ஓட்டு குறைஞ்சதுன்னு படிச்சேன். நிஜமா?

1916 ஜூலையில் நியூ ஜெர்சி கடற்கரையோரம் சுறா தாக்கி நால்வர் இறந்தார்கள். அந்த நவம்பரில் கடற்கரைக் கவுண்டிகளில் அப்போதைய அதிபர் உட்ரோ வில்சனுக்கு மூன்று புள்ளி அளவு ஓட்டு குறைந்தது, வாக்காளர்கள் காரணமில்லாமல் ஆட்சியைத் தண்டிக்கிறார்கள் என்று ஏக்கனும் பார்டெல்ஸும் வாதிட்டார்கள். கதை உலகம் சுற்றியது. 2018-ல் ஃபவுலரும் ஹாலும் அமெரிக்காவில் உயிர்ப்பலி வாங்கிய மற்ற சுறாத் தாக்குதல்களையும் எடுத்துப் பார்த்தார்கள். அப்படியொரு விளைவு பொதுவாக இல்லை. நான் இரண்டாவது தரப்பை நம்புகிறேன். கேட்கச் சுவையான ஆய்வு என்றால் இன்னொரு தரம் சோதிக்கப்பட்டதா என்று பாருங்கள்.

ஓட்டுச்சீட்டு வடிவமே அதிபரை மாத்திடுச்சுன்னு சொல்றது?

இதற்கு ஆதாரம் வலுவாக இருக்கிறது. 2000-ல் ஃபுளோரிடாவின் பாம் பீச் கவுண்டியில் வேட்பாளர் பெயர்களை இரண்டு பக்கமும் அச்சிட்டு, துளையிடும் இடத்தை நடுவில் வைத்தார்கள். இடப்பக்கம் இரண்டாவதாக கோர். நடுவில் இரண்டாவது துளை வலப்பக்கத்து பேட் புக்கானனுக்கு உரியது. அந்தக் கவுண்டியில் புக்கானனுக்கு 3,400 ஓட்டு விழுந்தது. அதே கவுண்டியில் தபால் ஓட்டுக்கு இந்த வடிவம் இல்லை; அங்கே அவர் பங்கு மிகக் குறைவு. 2,000-க்கும் அதிகமான ஜனநாயகக் கட்சி வாக்காளர்கள் தவறித் துளையிட்டார்கள் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். கோரை எதிர்த்த புஷ், அதிபர் பதவியைத் தீர்மானித்த ஃபுளோரிடாவில் ஜெயித்தது 537 ஓட்டில்.

கடைசியில பணக்காரங்க நினைக்கறதுதானே நடக்குது?

கிலென்ஸும் பேஜும் 2014-ல் 1,779 கொள்கைக் கேள்விகளை ஆராய்ந்து, வசதி படைத்தவர்களின் விருப்பமும் தொழில் அமைப்புகளும் கணக்கில் வந்தபின் சராசரிக் குடிமகனின் விருப்பத்துக்குத் தனியாகச் செல்வாக்கு ஏறக்குறைய இல்லை என்றார்கள். எதிர்வாதம்: அந்தக் கேள்விகளில் சுமார் 90 சதவீதத்தில் நடுத்தர மக்களும் பணக்காரர்களும் ஒரே பக்கம். மோதும் மீதிக் கொஞ்சத்தை வைத்து எவ்வளவு சொல்லலாம் என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை.

நம்ம ஆளுங்க எல்லாம் கமலாவுக்குத்தானே போட்டிருப்பாங்க?

கமலா ஹாரிஸின் தாத்தா ஊரான துளசேந்திரபுரத்தில் பூஜை நடந்தது உண்மை. ஆனால் இந்திய வம்சாவளி வாக்காளர்களிடம் 2020-ல் எடுத்த கணிப்பில் 72 சதவீதம் பேர் பைடனுக்கு என்றார்கள்; 2024-ல் அதே ஆய்வில் ஹாரிஸுக்கு என்றவர்கள் 61 சதவீதம்தான். பூர்வீகம் ஒன்றாக இருந்தும் கட்சி அடையாளம் அதற்கு மேல் நின்றிருக்கிறது. டிரம்ப் பக்கம் போவதாகச் சொன்னவர்களில் இளம் ஆண்கள் கவனிக்கத்தக்க அளவு இருந்தார்கள்.

இவ்வளவு படிச்சிருக்கீங்களே, அடுத்து யார் ஜெயிப்பாங்கன்னு சொல்லுங்க?

அதிபர் தேர்தல் என்றால் வாயைத் திறக்க மாட்டேன். காரணம் கணிப்புகள் பற்றிய பதிலில் இருக்கிறது. இடைக்காலத் தேர்தல் என்றால் கொஞ்சம் தைரியம் வரும். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு 2022 வரை நடந்த இடைக்காலத் தேர்தல்களில் அதிபரின் கட்சி பிரதிநிதிகள் சபையில் இடங்களை இழக்காமல் தப்பியது இரண்டே முறை: 1998-லும் 2002-லும்.